விண்ணேற்பு அன்னை திருவிழாவும் சுதந்திர தினமும்: ஒரு நாள், இரண்டு கொடி

கேள்வி இது: “எங்கள் பங்கின் (கோயில் சமூகத்தின்) பாதுகாவலி விண்ணேற்பு அன்னை. திருவிழா ஆகஸ்ட் 15. அன்றே சுதந்திர தினமும் வருவதால், இந்த முறை இரண்டையும் சேர்த்துப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கோயில் கொடிமரத்திலேயே தேசியக் கொடி, தேரைச் சுற்றி மூவர்ணக் கொடிகள், திருப்பலி முடிவில் தேசிய கீதம் என்பது அவர்கள் யோசனை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?”

நாள் ஒன்றாக இருக்கட்டும். கம்பம், நேரம், பாட்டு மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். இளைஞர்கள் சொல்லும் முதல் இரண்டும் இந்தியக் கொடி விதித்தொகுப்புக்கு எதிரானவை. மூன்றாவது வழிபாட்டு ஒழுங்கில் உட்காராது. ஆனால் அவர்களுடைய ஆசை நல்ல ஆசை. அதை மறுக்காமல் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பங்குப் பேரவையின் வேலை.

மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதே விண்ணேற்பு. இதைக் கத்தோலிக்கத் திருஅவை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1950 நவம்பர் 1 அன்று, திருத்தந்தை 12-ஆம் பயஸ் காலத்தில். ஆகஸ்ட் 15-இல் மாதா திருநாள் கொண்டாடுவதோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய வழக்கம். வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா இந்த நாளில்தான். 1947-இல் நாட்டின் விடுதலையும் இதே நாளில் வந்து சேர்ந்தது. விண்ணேற்பு அன்னையை இந்தியாவின் பாதுகாவலி என்று கொண்டாடுகிறோம். ஆகவே மாதா திருவிழாவில் நாட்டை நினைப்பது இயல்பான காரியம்.

சென்னையில் முதலமைச்சர்கள் 1974 முதல் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி வரும் கோட்டைக்கு, இங்கிலாந்தின் பாதுகாவலரான புனித ஜார்ஜின் பெயர். அந்த நாட்டுக் கொடியில் இருப்பதும் அவருடைய சிலுவையே. இங்கிலாந்தில் பாதுகாவலரும் நாட்டுக் கொடியும் ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன. இங்கே அப்படியில்லை. நம் தேசியக் கொடிக்குக் கீழே நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேறு சமயத்தவராக இருக்கலாம். அவர்கள் தயங்காமல் வந்து நிற்க வேண்டுமென்றால், அது மாதா கொடியோடு கட்டப்பட்டதாக இருக்கக் கூடாது. தனிக் கம்பம் என்பதற்குச் சட்டம் ஒரு காரணம். இது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் கம்பம். 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு சொல்வது: தேசியக் கொடிக்கு மேலேயோ, அதைவிட உயரத்திலேயோ, அதற்குப் பக்கத்தில் இணையாகவோ வேறு கொடி இருக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் இன்னொரு கொடியோடு சேர்த்து ஏற்றக் கூடாது. கம்பத்தின் மீதோ அதன் உச்சியிலோ பூ, மாலை, சின்னம் எதுவும் வைக்கக் கூடாது. கோயில் கொடிமரத்தை நினைத்துப் பாருங்கள். உச்சியில் சிலுவை, கீழே மாலையும் மாவிலையும், நடுவில் ஆகஸ்ட் 6 முதல் பறக்கும் மாதா கொடி. மூன்று விதியும் ஒரே இடத்தில் உடைகின்றன. மாதா கொடியை இறக்கிவிட்டு அதே கயிற்றில் தேசியக் கொடியை ஏற்றினாலும் சிலுவையும் மாலையும் அங்கேயே இருக்கும். ஆகவே கொடிமரத்தைத் தொடாதீர்கள்.

பங்குப் பள்ளி இருந்தால் பள்ளி மைதானம்தான் சரியான இடம். பள்ளி இல்லையென்றால் வளாகத்தின் வேறொரு பக்கம், கொடிமரத்தோடு ஒரே வரிசையில் படாத இடம். நாற்பதடிக் கொடிமரமும் பதினைந்தடிக் கம்பமும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே நின்றால் புகைப்படத்தில் மாதா கொடி மேலேயும் தேசியக் கொடி கீழேயும் தெரியும். அதைப் பார்த்து யாராவது புகார் எழுதினால் பதில் சொல்வது கடினம். வேறு இடமே இல்லாத சிறிய வளாகமாக இருந்தால், 14-ஆம் தேதி இரவு தேர் நிலைக்கு வந்ததும் மாதா கொடியை முறைப்படி இறக்கிவிடுவது நல்லது. வழக்கமாக 15 மாலையில்தான் கொடியிறக்கம் என்பதால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இதை நவநாள் (திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடு) தொடங்கும் முன்பே பேசி முடித்து, அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட வேண்டும். 14-ஆம் தேதி நள்ளிரவில் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

கொடியின் அளவு எப்போதும் நீளம் 3, உயரம் 2 என்ற விகிதம். நிர்ணயிக்கப்பட்ட அளவுகளில் உங்களுக்குப் பயன்படுபவை மூன்று: 900 × 600 மில்லிமீட்டர், 1350 × 900, 1800 × 1200. கொடியின் நீளம் கம்பத்தின் உயரத்தில் சுமார் கால் பங்கு இருந்தால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். 12 அடிக் கம்பத்துக்கு முதல் அளவு, 18 முதல் 20 அடிக்கு இரண்டாவது, 25 அடிக்கு மூன்றாவது. கடைகளில் விற்கும் கொடிகளில் விகிதம் தவறியவை, சக்கரத்தில் ஆரங்கள் 24 இல்லாதவை, சக்கரம் ஒரு பக்கம் மட்டும் அச்சானவை நிறைய உண்டு. வாங்கும்போதே விரித்து எண்ணிப் பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின் கதர் மட்டுமல்ல, இயந்திரத்தில் நெய்த பருத்தி, பட்டு, கம்பளி, பாலியஸ்டர் எல்லாம் அனுமதிக்கப்படுகின்றன. கதர் நனைந்தால் கனத்துக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் லேசான காற்றுக்கும் பறக்கும், ஆனால் பறக்கும் ஓரம் சீக்கிரம் பிரியும். ஆகஸ்ட் மாலை மழை வழக்கமாக வரும் ஊரென்றால் பாலியஸ்டர் வசதி. அழகு என்று கேட்டால் கதர்தான்.

கம்பத்தைப் பெயின்ட் டின்னில் மணல் நிரப்பி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். கயிற்றை வேகமாக இழுக்கும்போது சாயும், சாய்வது குழந்தைகள் வரிசையின் மீதுதான். 20 அடி இரும்புக் குழாய் என்றால் குறைந்தது இரண்டரை முதல் மூன்றடி வரை கான்கிரீட்டில் புதைய வேண்டும். கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ அந்த வட்டத்துக்குள் மின்கம்பி எதுவும் வரக் கூடாது.

இனி முடிச்சு. விழாவின் மானம் தங்கியிருப்பது இதில்தான். சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுப்பார், கொடி விரியாது, அவர் மறுபடியும் இழுப்பார், கடைசியில் ஒரு பையன் கம்பத்தில் ஏறுவான். இதற்கு நான்கைந்து காரணங்களே உண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே தவிர்க்கலாம்.

கொடியைச் சுத்தமான மேசையில் விரியுங்கள், கயிறு கோக்கும் ஓரம் உங்கள் இடப்பக்கம், காவி உங்களுக்கு அப்பால். பச்சைப் பட்டையை வெள்ளையின் மீது மடித்து, அதன் மேல் காவியை மடித்தால் ஒரு பட்டை அகலத்தில் நீளமான துண்டு கிடைக்கும். பறக்கும் ஓரத்திலிருந்து கயிற்று ஓரத்தை நோக்கி விசிறி மடிப்பாக, ஒரு சாண் அகலத்துக்கு, முன்னும் பின்னுமாக மடித்து வாருங்கள். பாய்போல இறுக்கச் சுருட்டினால் காற்றில்லாத காலையில் அது பாதி விரிந்து அப்படியே தொங்கும். விசிறி மடிப்பு தன் கனத்திலேயே பிரியும். பூவிதழ் வைப்பதாக இருந்தால் கடைசி மடிப்புக்குள் ஒரு கைப்பிடி, பெரிய கொடிக்கு இரண்டு. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் விரியும் முன் கொடிக்குள் இதழ் வைக்க விதித்தொகுப்பே இடம் தருகிறது, வேறு எதையும் அதில் வைக்கவோ சுமக்கவோ கூடாது. இதழ் உலர்ந்ததாக, காம்பில்லாததாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்த ரோஜா இதழ் மடிப்புகளை ஒட்டவைக்கும், வெள்ளைப் பட்டையில் கறையும் விடும்.

இப்போது கொடிக்குக் கீழே வரும் கயிற்றால் மடித்த கொடியை இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றின் முனையை அல்ல, அதே கயிற்றை மடித்து எடுத்த வளையத்தை மட்டும் அந்தச் சுற்றுக்கு அடியில் இரண்டு மூன்று அங்குலம் செருகுங்கள். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு இது. ‘அவிழ்ந்துவிடுமோ’ என்ற பயத்தில் மேலே இன்னொரு முடிச்சுப் போடுவதுதான் முதல் தவறு. இரண்டாவது, மடித்த கொடியை உச்சிக்கு ஏற்றிய பிறகு, ஏற்றிய பக்கத்துக் கயிற்றைக் கம்பத்தின் கொக்கியில் இறுக்கிக் கட்டாமல் விடுவது. அப்படி விட்டால் விருந்தினர் மறுபக்கக் கயிற்றை இழுக்கும்போது முடிச்சு அவிழாமல் கட்டு முழுவதும் கீழே இறங்கி வரும். மூன்றாவது, கப்பியின் சக்கரத்திலிருந்து கயிறு நழுவி இடுக்கில் மாட்டிக்கொள்வது. கயிறு மெல்லியதாகவும் கப்பி பழையதாகவும் இருந்தால் இது நடக்கும், ஒரு சொட்டு எண்ணெயும் சரியான தடிமனில் புதுக் கயிறும் போதும். நான்காவது, கொடி தலைகீழாக ஏறுவது. காவிப் பக்கத்துக் கயிற்று முனையில் சிறு முடிச்சு ஒன்றை அடையாளமாகப் போட்டுவைத்தால் அவசரத்தில் மாறாது.

14-ஆம் தேதி மாலை, தேர் வேலை தொடங்கும் முன், அதே அளவுள்ள வேறு துணியைக் கட்டி மூன்று முறை ஏற்றி இழுத்துப் பாருங்கள். மறுநாள் முடிச்சுப் போடப்போகிறவரே இதைச் செய்ய வேண்டும். ஒத்திகைக்கு ஒருவர், விழாவுக்கு இன்னொருவர் என்றால் ஒத்திகை வீண்.

கொடி விரிந்த கணமே தேசிய கீதம். முழுப்பாட்டு சுமார் 52 வினாடி. பாடகர் குழு பொதுவாகச் செய்யும் பிழை, சுருதியை மேலே பிடித்துவிடுவது. ‘ஜய ஹே’ வரும் இடம் மேல் ஸ்தாயி ஷட்ஜத்தைத் தொடும். அங்கே குழந்தைகளின் குரல் உடைந்தால் மொத்தக் கூட்டமும் முணுமுணுப்பில் இறங்கிவிடும். தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில் மாதா பாடல் ஓடிக்கொண்டிருந்தால் கொடியேற்றத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே நிறுத்த ஒருவரை நியமியுங்கள். இரண்டு பாட்டு ஒன்றோடொன்று மோதுவது இரண்டுக்கும் மரியாதை இல்லை. மேடை நிகழ்ச்சி உண்டென்றால் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 வினாடி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மேடையில் தேசியக் கொடி வைத்தால் கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு வலப்பக்கம். மேசைக்கு விரிப்பாக அல்ல, மேடை முகப்புக்குத் திரையாகவும் அல்ல.

திருப்பலிக்கு வருவோம். தேசிய கீதத்தை வழியனுப்புப் பாடலாகப் பாடுவதும், காணிக்கைப் பவனியில் தேசியக் கொடியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவதும், பீடத்தின் மீது மூவர்ணத் துணி விரிப்பதும் பல இடங்களில் நல்லெண்ணத்தோடு நடக்கின்றன. வேண்டாம். காணிக்கைத் தட்டில் வரும் கொடி அடுத்து எங்கே போகும்? பீடத்தின் ஓரத்தில், பழக்கூடைக்கு அடியில் கிடக்கும். மாதா சுரூபத்துக்குத் தேசியக் கொடியைச் சேலையாக உடுத்துவதும் அப்படியே. கொடியைச் சிலைக்கு மூடுதுணியாகவோ எந்த வகைப் போர்வையாகவோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி. காவி, வெள்ளை, பச்சை நிறங்களில் பூ அலங்காரம் செய்வது வேறு. அதில் சக்கரம் வரைந்து கொடியாகவே ஆக்காமல் இருந்தால் போதும்.

நாட்டுக்கான இடம் திருப்பலிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. விசுவாசிகள் மன்றாட்டின் ஒழுங்கே திருஅவைக்காக, அடுத்து நாட்டை ஆள்வோருக்காகவும் உலகின் மீட்புக்காகவும், பிறகு துன்புறுவோருக்காக, கடைசியாக நம் சமூகத்துக்காக என்று போகிறது. இரண்டாம் மன்றாட்டைப் பொதுப்படையாக ஒரு வரியில் கடத்திவிடாமல் உழைத்து எழுதுங்கள். ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், தூய்மைப் பணியாளர், எல்லையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்று பணிகளைச் சொல்லிச் செபிக்கலாம். அன்றைய நற்செய்தி லூக்கா 1:39-56, மரியா எலிசபெத்தைச் சந்திப்பதும் மரியாவின் பாடலும். வலியோரை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்ந்தோரை உயர்த்தி, பசித்தோரை நிரப்பும் கடவுளைப் பற்றிய பாடல் அது. விடுதலை நாளின் மறையுரைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகத்தைத் தேட வேண்டியதில்லை.

வழிபாட்டுக் குழு தவறவிடும் ஒன்று 14 மாலைத் திருப்பலி. காலையில் அது புனித மாக்சிமிலியன் கோல்பே நினைவு, சிவப்பு உடை. மாலையில் அதே நாள் விண்ணேற்பின் திருவிழிப்பு, அதாவது பெருவிழாவின் முந்தின மாலை வழிபாடு: வெள்ளை உடை, தனி வாசகங்கள், நற்செய்தி லூக்கா 11:27-28. ஒன்பதாம் நவநாள் என்பதற்காகக் காலை வாசகங்களையே மறுபடி வாசித்துவிடக் கூடாது. ஆகஸ்ட் 15 இந்தியாவில் கடன் திருநாள் (திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய நாள்), முந்தின மாலைத் திருப்பலியும் அந்தக் கடனைத் தீர்க்கும். இதைப் பீடத்திலிருந்து அறிவியுங்கள். காவலர், ஆசிரியர், தேசிய மாணவர் படையில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோர் காலை 7 மணிக்கே அணிவகுப்பில் நிற்க வேண்டியவர்கள். 14 மாலையே திருப்பலி கண்டுவிட்டால் மறுநாள் மனக் குறையின்றிப் போகலாம். திருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் புலால் விலக்கு இல்லை, ஞாயிறில் வந்தால் பொதுக்கால ஞாயிறுக்குப் பதில் இந்தப் பெருவிழாவே. 2027-இல் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

தேரைச் சுற்றி மூவர்ணக் கொடி கட்டுவது பற்றி: தேசியக் கொடியைத் தோரணமாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது, வாகனத்தின் மேலும் பக்கங்களிலும் போர்த்தக் கூடாது. வாகனத்தில் கொடி பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. சப்பரத்தை இழுக்கும் டிராக்டருக்கும் இது பொருந்தும். பவனியில் தேசியக் கொடியை ஏந்தியே ஆக வேண்டும் என்றால் 15 காலையில் கோயிலிலிருந்து மைதானத்துக்குப் போகும் அணிவகுப்பில் ஏந்துங்கள். கூடவே மாதா கொடியும் வந்தால், நடக்கும் திசையில் வலப்பக்கம் தேசியக் கொடி, இடப்பக்கம் மாதா கொடி. பல கொடிகள் வரிசையாக வந்தால் அந்த வரிசைக்கு முன்னால், நடுவில் தேசியக் கொடி. சப்பரத்துக்கு முன்னால் மற்றக் கொடிகளைச் சாய்த்து வணங்கும் வழக்கம் உண்டு. தேசியக் கொடியை யாருக்கும் எதற்கும் சாய்க்கக் கூடாது. ஏந்துபவருக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள், பழக்கத்தில் கை தானாகச் சாயும்.

தேர் பாதையில் இரண்டு விஷயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. ஒன்று மின்சாரம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் கோயில் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். தேரின் உயரத்தை அலங்காரமெல்லாம் முடிந்தபின், உச்சி விளக்கு வரை அளந்து, மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அலங்காரத்துக்கு முந்தைய உயரத்தைக் கொடுத்துவிட்டு மேலே இரண்டடிக் கிரீடம் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தேர் தெருவில் இருக்கும் நேரம் முழுவதும் அந்தத் தெருவின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், மின்வாரிய ஊழியர் ஒருவர் கூடவே வர வேண்டும். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடுவது பாதுகாப்பு அல்ல, நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். தேருக்குள் இருக்கும் ஜெனரேட்டருக்கு நில இணைப்பு, கசிவு தடுக்கும் சுவிட்ச் இரண்டும் வேண்டும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் என்றால் அரசு அந்த நாளுக்குத் தளர்வு அளித்திருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தெரு. தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? ‘அந்தத் தெரு குறுகல்’, ‘வழக்கமில்லை’ என்ற பெயரில் தலித் மக்களின் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போகும் தேர்கள் நம்மிடையே இருந்திருக்கின்றன. மரியாவின் பாடலைக் காலையில் வாசிக்கப்போகும் ஊரில் முந்தின இரவு அப்படி ஒரு தேர் ஓடக் கூடாது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவைக் கொண்ட அரசமைப்பின் நாட்டில் அப்படி ஓட்டிவிட்டு, விடிந்ததும் கொடியை வணங்குவதில் பொருளே இல்லை. தெரு உண்மையிலேயே குறுகல் என்றால் தேரின் அகலத்தைக் குறையுங்கள், அல்லது சுரூபத்தைச் சிறிய சப்பரத்தில் தோளில் எடுத்துப் போங்கள். இடித்துப் பேச வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். முடிச்சு, அளவு எல்லாவற்றையும் விட இதற்குப் பேரவைக் கூட்டத்தில் அதிக நேரம் கொடுங்கள்.

கொடியேற்றுபவரைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். யார் ஏற்ற வேண்டும் என்று விதித்தொகுப்பு உங்களைக் கட்டுப்படுத்தவில்லை. எப்போதும் பெரிய நன்கொடையாளரே ஏற்றும் வழக்கம் இருந்தால் அதை மாற்ற இது நல்ல நாள். ஊராட்சித் தலைவர், ஓய்வுபெற்ற படைவீரர், தூய்மைப் பணியாளர், பள்ளியின் மூத்த ஆசிரியை என்று ஆண்டுக்கு ஒருவர். வேறு சமயத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தனிக் கம்பம் வைத்ததன் பலன் அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

15-ஆம் தேதிக்கு நடைமுறையில் சரிவரும் ஒழுங்கு இது. காலை 6 மணிக்குத் திருவிழாத் திருப்பலி. ஆயர் தலைமை, முதல் நற்கருணை இரண்டும் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் 5.30-க்குத் தொடங்குங்கள். 8 மணிக்கு மைதானத்துக்கு அணிவகுப்பு, 8.15-க்குக் கொடி, கீதம், சுருக்கமான ஓர் உரை, குழந்தைகளுக்கு மிட்டாய். வெயிலில் நிற்கும் குழந்தைகள் அதிகாலையிலிருந்து வெறும் வயிற்றில் இருப்பவர்கள் என்பதை உரையாற்றுபவருக்கு நினைவூட்டுங்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அணிவகுப்புக்கு முன்பே தண்ணீரும் ஏதாவது பலகாரமும் கொடுத்துவிட வேண்டும். 9 மணிக்குள் முடித்துவிட்டால் கிராம சபைக்கு நேரம் இருக்கும்.

கிராம சபையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட்ட வேண்டும். அதில் ஒன்று ஆகஸ்ட் 15, பெரும்பாலும் காலை 11 மணிக்கு. மாதா திருவிழா நடக்கும் ஊர்களில் அந்த நேரத்தில்தான் அசனப் பந்தி (பொது விருந்து) தொடங்கும். ஊரின் பாதிப் பேர் இலை முன்னால் இருப்பார்கள், குடிநீர், சாலை, தெருவிளக்குத் தீர்மானங்கள் ஆளில்லாமல் நிறைவேறிவிடும். அசனத்தை 1 மணிக்குத் தள்ளுங்கள். இளைஞர்கள் நாட்டுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள் அல்லவா? அன்பியத்துக்கு (பங்கில் உள்ள சிறு குழு ஒவ்வொன்றுக்கும்) இரண்டு பேராவது கிராம சபையில் உட்கார்ந்து, வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கி, தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கட்டும். தேரில் கட்டும் நூறு கொடியைவிட அது மேலானது. நகரத்துப் பங்கு என்றால் அந்த நேரத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் உதவி மேசை, இரத்த தான முகாம் என்று வையுங்கள்.

அசனத்துக்கு 100 பேருக்கு 12 முதல் 13 கிலோ அரிசி, சாம்பாருக்கு 3 கிலோ துவரம்பருப்பு என்று கணக்கிட்டால் குறையாது. எல்லாச் சமயத்தவரும் வரும் பந்தி என்பதால் சைவமே வசதி. அரிசியை ஒரே தவணையில் வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடியுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது இரண்டாம் பந்தியில்தான் தெரியும்.

மாலை. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் தேசியக் கொடி இரவிலும் பறக்கலாம். ஆனாலும் திருவிழாக் கூட்டம், வாணவேடிக்கை, மழை எல்லாம் சேரும் இரவில் அதை விட்டுவைக்க வேண்டாம். சூரியன் மறையும் நேரம், சுமார் 6.30-க்கு, இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது வேகமாக, இறக்கும்போது மெதுவாக, மரியாதையோடு. தரையில் படாமல் இருவர் கையில் வாங்கி, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, வெள்ளையை இருபுறமும் மடித்து, சக்கரமும் காவி பச்சை ஓரங்களும் மட்டும் தெரியும்படி ஆக்கி, உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோய் வையுங்கள். நனைந்திருந்தால் மடிக்காமல் உள்ளே விரித்து உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த குடியரசு தினத்துக்கு எடுக்கும்போது கரும்புள்ளி விழுந்திருக்கும். அதன் பிறகு நற்கருணை ஆசீர், மாதா கொடியிறக்கம்.

கடைசியாகக் காகிதக் கொடிகள். பிளாஸ்டிக் கொடி வாங்கவே வாங்காதீர்கள். காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைக்கலாம், தரையில் போடக் கூடாது. மைதான வாசலில் இரண்டு அட்டைப் பெட்டி வைத்து, வெளியே போகும் குழந்தைகள் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், தேர்ப் பாதையிலும் பந்தியிலும் விழுந்தவற்றைப் பொறுக்க நான்கு பேரை அன்றே அனுப்புங்கள். காலையில் துப்புரவு வண்டி வந்தபின் தேடிப் பயனில்லை. சேர்ந்தவற்றையும், கிழிந்த துணிக் கொடியையும் குப்பையோடு போடாமல், கூட்டமில்லாத இடத்தில், தனியாக, முழுவதுமாக எரித்துவிட வேண்டும். கொடியை அவமதிப்பது 1971-ஆம் ஆண்டின் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். கோலமாகத் தேசியக் கொடியை வாசலில் போடும் பழக்கம் இருந்தால், மிதிபடாத இடத்தில் தட்டி மீது வரையச் சொல்லுங்கள்.